புலமைப்பரிசில்: சித்தியடைந்த பிள்ளைகளின் படங்களும் சித்தியடையாத நாமும்

தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சையின் பெறுபேறுகள் வெளியாகி ஒரு வாரம் செல்வதற்குள் எமது தமிழ்ப் பத்திரிகைகளின் உட்பக்கங்கள் முத்திரை அளவிலான புகைப்படங்களால் நிறைந்துவிடுவது வழமை. வெண்ணிறச் சீருடை, கழுத்துப்பட்டி, படிய வாரிய தலை. படத்தின் கீழே பெயர், பாடசாலை, பெற்ற புள்ளி. அடுத்த பக்கத்தில் அதே பிள்ளைகள் தனியார் கல்வி நிலையங்களின் விளம்பரங்களில் மீண்டும் தோன்றுவார்கள். ஒரே பிள்ளையை மூன்று நிலையங்கள் தத்தமது மாணவர் என்று உரிமை கொண்டாடிய சந்தர்ப்பங்களையும் கண்டிருக்கிறேன். மரண அறிவித்தல்களுக்கு அடுத்தபடியாக எங்களுக்குச் சோறு போடுவது புலமைப்பரிசில்தான் என்று விளம்பரப் பிரிவு நண்பர் ஒருவர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

முப்பது வருடங்களுக்கும் மேலாகப் பத்திரிகைத் தொழிலில் இருப்பவன் என்ற வகையில் அத்தகைய பக்கங்களை நானும் தயாரித்திருக்கிறேன். பிள்ளைகளின் பெயர்களில் எழுத்துப்பிழை வந்துவிடக்கூடாது என்று இரவு வெகுநேரம் வரை இருந்து ஒப்புநோக்கியிருக்கிறேன். பல வருடங்களுக்கு முன்னர் அவ்வாறான ஒரு பக்கத்தை முடித்துக்கொண்டிருந்த மாலை வேளையில் ஆசிரிய பீடத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. பேசியவர் மலையகத் தோட்டமொன்றைச் சேர்ந்த தொழிலாளி.

"ஐயா, எம் புள்ளைக்கு வெட்டுப்புள்ளிக்கு ஆறு மார்க் பத்தல. ஆனா எங்க ஸ்கூல்ல இதுவரைக்கும் யாருமே இவ்வளவு எடுத்ததில்லன்னு சார் சொன்னாரு. போட்டோவ மட்டும் போடுவீங்களா? காசு கட்டணும்னாலும் கட்டிடுறேன்."

வெட்டுப்புள்ளிக்கு மேல் பெற்ற பிள்ளைகளின் படங்களை மாத்திரமே நாம் பிரசுரிக்கிறோம் என்று நான் பதில் கூறினேன். "சரிங்க ஐயா" என்று சொல்லிவிட்டு அவர் தொலைபேசியை வைத்துவிட்டார். நானும் பக்கத்தை முடித்து அச்சுக்கு அனுப்பிவிட்டு வீடு சென்றேன். அன்றைய பத்திரிகையில் இடம்பெற்றிருக்க வேண்டிய உண்மையான செய்தி அந்தத் தகப்பன் சொன்னதுதான் என்பது எனக்கு விளங்குவதற்குப் பல வருடங்கள் தேவைப்பட்டன. ஒரு பாடசாலையின் வரலாற்றிலேயே அதிக புள்ளியைப் பெற்ற பிள்ளை இந்நாட்டின் கணக்கில் சித்தியடையாத பிள்ளை.

இந்தப் பரீட்சை பிள்ளைகளின் திறமையை அளக்கிறது என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். பிள்ளையின் வீட்டுக்கு அருகிலுள்ள பாடசாலையை நல்ல பாடசாலையாக்கும் பொறுப்பில் இருந்து அரசாங்கமும் சமூகமும் தப்பிச்செல்வதற்கான வழியாக அது மாறிவிட்டது என்பதே எனது வாதம். இதில் கொழும்பை மாத்திரம் குற்றஞ்சாட்டிவிட்டுத் தமிழர்களாகிய நாம் ஒதுங்கிக்கொள்ளவும் முடியாது.

எதற்காகத் தொடங்கப்பட்டது?

இன்றைய கேலிக்கூத்தைப் புரிந்துகொள்வதற்கு இப்பரீட்சை பிறந்த காலத்துக்குச் செல்வது அவசியம். டொனமூர் அரசியலமைப்பின் கீழ் 1931 தொடக்கம் 1947 வரை கல்வி அமைச்சராக இருந்தவர் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா. அவரது தலைமையிலான விசேட குழுவின் அறிக்கை 1943 ஆம் ஆண்டு வெளியானது. 1945 ஒக்டோபர் முதலாம் திகதி தொடக்கம் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அதுவரையில் நல்ல கல்வி என்பது நகரங்களில் கட்டணம் அறவிட்ட ஆங்கிலப் பாடசாலைகளில் பயின்றவர்களின் சொத்தாக இருந்தது. கன்னங்கரா கிராமப்புறங்களில் மத்திய பாடசாலைகளை நிறுவினார். அவரது பெயருடன் சேர்த்து நினைவுகூரப்படும் அப்பாடசாலைகளின் எண்ணிக்கை 54. விஞ்ஞான ஆய்வுகூடமும் விளையாட்டு மைதானமும் விடுதியும் கொண்டவையாக அவை அமைந்தன. கிராமத்து ஏழைப் பிள்ளைகளைத் தெரிவுசெய்து அங்கே தங்கவைத்துப் படிப்பிப்பதற்காகவே புலமைப்பரிசில் ஏற்பாடு கொண்டுவரப்பட்டது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அன்று முதலில் கட்டப்பட்டது பாடசாலை. அதற்குப் பிள்ளைகளைச் சேர்க்கும் வழியாகவே பரீட்சை வந்தது. மத்திய பாடசாலையும் பெரும்பாலும் பிள்ளையின் சொந்தப் பிராந்தியத்திலேயே இருந்தது. இன்றோ பாடசாலை கட்டும் வேலையைக் கைவிட்டுவிட்டுப் பரீட்சையை மாத்திரம் பிடித்துக்கொண்டிருக்கிறோம். கிராமத்துக்குக் கல்வியைக் கொண்டு வருவதற்காகத் தொடங்கிய ஏற்பாடு, கிராமத்தில் இருந்து கெட்டிக்காரப் பிள்ளைகளை வெளியேற்றும் ஏற்பாடாகத் தலைகீழாகிவிட்டது.

அந்தப் பொற்காலத்திலும் எல்லோருக்கும் கதவு திறந்திருக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இலவசக் கல்வியின் பயன் நாடெங்கும் பரவிய தசாப்தங்களில் தோட்டப் பாடசாலைகள் தோட்ட நிர்வாகங்களின் பொறுப்பிலேயே விடப்பட்டிருந்தன. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தினால் நாடற்றவர்களாக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியரும் ஒரு கொட்டகையும் போதும் என்று கருதப்பட்டது. 1970களில்தான் அந்தப் பாடசாலைகள் அரசாங்கத்தின் கைக்கு வந்தன. என்னுடன் தொலைபேசியில் பேசிய தகப்பனின் மகள் ஆறு புள்ளிகளால் பின்தங்கினாள் என்றால், அவளது பாடசாலை ஏனைய பாடசாலைகளைவிட மூன்று தசாப்தங்கள் தாமதமாக ஓட்டத்தைத் தொடங்கியிருந்தது. அந்தத் தாமதத்துக்கு வெட்டுப்புள்ளியில் கழிவு எதுவும் கிடையாது.

எண்கள் சொல்லும் கதை

இலங்கையில் பத்தாயிரத்துக்கும் சற்று அதிகமான அரசாங்கப் பாடசாலைகள் இருக்கின்றன. அவற்றில் தேசிய பாடசாலைகள் நானூறுக்கும் குறைவு. உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவைக் கொண்ட பாடசாலைகள் ஏறத்தாழ பத்தில் ஒன்றுதான். மறுபுறத்தில் ஐம்பதுக்கும் குறைவான மாணவர்களுடன் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கும் பாடசாலைகள் ஆயிரத்துக்கும் அதிகம். வருடந்தோறும் மூன்று இலட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள் புலமைப்பரிசில் பரீட்சைக்குத் தோற்ற, அண்மைய வருடங்களில் ஐம்பதாயிரம் பேரளவிலேயே வெட்டுப்புள்ளியைத் தாண்டியிருக்கிறார்கள். உதவிப்பணம் அதிலும் ஒரு பகுதியினருக்கே கிடைக்கிறது. அந்தத் தொகை மாதத்துக்கு 750 ரூபாவாக இருந்து, 2025 வரவு செலவுத் திட்டத்திலேயே 1500 ரூபாவாக உயர்த்தப்பட்டது.

அந்த 1500 ரூபாவுக்காக எந்தப் பெற்றோரும் இரண்டு வருடங்கள் ரியூசனுக்குக் காசைக் கொட்டுவதில்லை. அவர்கள் துரத்துவது பெரிய பாடசாலையின் வாசலை. அதாவது பத்து வயதுப் பிள்ளைகளில் ஆறில் ஐந்து பேரிடம், 'உனக்கு இந்தப் பாடசாலையே போதும்' என்று ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பரீட்சையை வைத்து அரசு சொல்கிறது. பிள்ளையும் அதை நம்பிவிடுகிறது. அந்த வயதில் கேட்ட தீர்ப்பை மறப்பது எளிதல்ல.

பரீட்சைக்குச் சில நாட்கள் முன்னதாக ரியூசன் வகுப்புகளுக்கும் கருத்தரங்குகளுக்கும் மாதிரி வினாத்தாள்களை விநியோகிப்பதற்கும் தடைவிதித்து பரீட்சைத் திணைக்களம் வருடந்தோறும் அறிவித்தல் விடுக்கிறது. மீறினால் பொலிஸில் முறையிடுமாறும் கூறப்படுகிறது. பத்து வயதுப் பிள்ளைகள் நிம்மதியாக உறங்குவதற்கு ஒரு நாடு தடை உத்தரவு பிறப்பிக்க வேண்டியிருக்கிறது என்றால், அந்த நாட்டின் நோய் வகுப்பறைக்கு வெளியே இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

2024 செப்டெம்பர் 15 ஆம் திகதி நடைபெற்ற பரீட்சையில் மூன்று வினாக்கள் முன்கூட்டியே வெளியாகியிருந்தமை தெரியவந்தபோது நாடே கொதித்தது. பெற்றோர் வீதிக்கு இறங்கினர், நீதிமன்றத்தை நாடினர். அவ்வருட இறுதியில் உயர் நீதிமன்றம் பிள்ளைகளின் அடிப்படை உரிமை மீறப்பட்டிருப்பதாகத் தீர்ப்பளித்து, அந்த மூன்று வினாக்களுக்கும் சகல பரீட்சார்த்திகளுக்கும் புள்ளி வழங்குமாறு உத்தரவிட்டது. தீர்ப்பு நியாயமானது. ஆனால், மூன்று வினாக்கள் கசிந்ததற்காகக் கொதித்த சமூகம், கணித ஆசிரியர் இல்லாத பாடசாலையில் இருந்து வரும் பிள்ளையும் ஆய்வுகூடங்களும் பயிற்றப்பட்ட ஆசிரியர்களும் நிறைந்த பாடசாலைப் பிள்ளையும் ஒரே வினாத்தாளுக்கு விடை எழுதுவதைப் பார்த்து ஒரு நாளாவது கொதித்ததுண்டா? அந்த அநீதி வருடாவருடம் வினாத்தாள் முழுவதிலும் கசிந்துகொண்டேயிருக்கிறது.

அரசியல்வாதிகளின் அக்கறையும் இந்த அளவினதுதான். 2026 ஜனவரியில் தரம் ஆறுக்கான ஆங்கிலப் பாட அலகில் பொருத்தமற்ற இணையத்தள முகவரியொன்று இடம்பெற்ற விவகாரம் பெரும் அரசியல் புயலாகியது. தரம் ஆறு சீர்திருத்தங்கள் 2027 வரை ஒத்திவைக்கப்பட்டன. அந்தத் தவறு கண்டிக்கப்பட வேண்டியதே. ஆனால், அந்தப் பாட அலகைப் படிப்பிப்பதற்கு எத்தனை கிராமப் பாடசாலைகளில் ஆங்கில ஆசிரியர்கள் இருக்கிறார்கள் என்ற கேள்விக்கு அந்த ஆரவாரத்தில் இடம் கிடைக்கவில்லை. தேசிய உற்பத்தியில் 6 சதவீதத்தைக் கல்விக்கு ஒதுக்குமாறு கோரி பல்கலைக்கழக ஆசிரியர்கள் 2012 ஆம் ஆண்டு மாதக்கணக்கில் பணிப்புறக்கணிப்புச் செய்தனர். அதன் பின்னர் வந்த எந்த அரசாங்கமும் அந்த இலக்கை நெருங்கவில்லை.

எமது வீட்டுக் குப்பை

இதுவரை எழுதியதை வாசித்துவிட்டுத் தலையாட்டும் தமிழ் வாசகர்கள் இனிமேல் எழுதப்போவதை அவ்வளவாக விரும்பமாட்டார்கள்.

1970களின் முற்பகுதியில் கொண்டுவரப்பட்ட தரப்படுத்தல் எமது இளைஞர்களின் பல்கலைக்கழக வாய்ப்பைப் பறித்த வரலாற்றை நாம் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. கூடுதல் புள்ளி பெற்றவனுக்கு இடமில்லை என்று சொன்ன அரசுக்கு எதிராக ஒரு தலைமுறையே கொதித்தெழுந்தது. அவ்வாறு கல்வியில் நீதி கேட்ட சமூகம், தனக்குள்ளே இருக்கும் அநீதியை எப்படி நடத்துகிறது? வன்னியிலும் தீவுப்பகுதியிலும் உள்ள பாடசாலைக்கு நியமனம் பெறும் ஆசிரியர், முதல் நாளில் இருந்தே யாழ்ப்பாண நகருக்கு இடமாற்றம் எடுப்பதற்கு யாரைப் பிடிக்கலாம் என்று தேடத் தொடங்குகிறார். அதற்குச் சிபாரிசுக் கடிதம் கொடுப்பவர்கள் மேடையில் இன உரிமை பேசும் எமது அரசியல்வாதிகள்தான். சிபாரிசுக்கு ஆளில்லாத ஆசிரியர் மாத்திரம் அங்கே மிஞ்சுகிறார். வெற்றிடத்தைப் பல இடங்களில் தொண்டர் ஆசிரியர்கள் நிரப்புகிறார்கள். போர் 2009 இல் முடிந்தது. இந்த இடமாற்றப் போர் இன்னமும் முடியவில்லை.

அடுத்தது, புலம்பெயர்ந்து வாழும் எமது உறவுகள். ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் பழைய மாணவர் சங்கங்கள் இராப்போசன விருந்துகள் நடத்துகின்றன. சேரும் பணம் ஏற்கெனவே எல்லாம் இருக்கும் பெரிய கல்லூரிகளுக்கே செல்கிறது. நுழைவாயில் வளைவு, குளிரூட்டப்பட்ட மண்டபம், நீச்சல் தடாகம், நூற்றாண்டு மலர். உழைத்த காசைத் தாய்மண்ணுக்கு அனுப்பும் மனதை நான் குறைகூறவில்லை. ஆனால், அந்தக் கல்லூரிக்குப் புலமைப்பரிசிலில் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, மாணவர் தொகை குறைந்து மூடப்படும் தறுவாயில் நிற்கும் ஆரம்பப் பாடசாலைக்குப் பழைய மாணவர் சங்கம் இல்லை. அங்கே படித்தவர்களும் தங்களை அந்தப் பெரிய கல்லூரியின் பழைய மாணவர் என்றே அறிமுகப்படுத்திக்கொள்கிறார்கள்.

இதை எழுதும் நானும் அவர்களில் ஒருவன். வடமராட்சிக் கிராமமொன்றின் சின்னப் பள்ளிக்கூடத்தில் படித்துப் புலமைப்பரிசிலில் சித்தியடைந்து பெரிய பாடசாலைக்குச் சென்றவன். என்னுடன் ஒரே வாங்கில் இருந்த நண்பன் என்னைவிடக் கணக்கில் சூரன். தகப்பனின் சுருட்டுக் கொட்டில் கணக்கைத் தலையிலேயே கூட்டிச் சொல்லுவான். அந்த வருடம் அவன் சில புள்ளிகளால் தவறினான். நான் போன பின்னர் அந்தப் பள்ளிக்கூடத்தில் அவனுக்குப் போட்டிக்கு ஆளில்லை. பிறகு கணக்குப் படிப்பிக்க ஆசிரியரும் இல்லை. சாதாரண தரத்துடன் படிப்பை நிறுத்திவிட்டான். நான் கலைப் பட்டதாரியாகி, கல்வியைப் பற்றிப் பத்திரிகைகளில் ஆசிரிய தலையங்கங்கள் எழுதினேன். அண்மையில் ஊருக்குச் சென்றபோது அவனைச் சந்தித்தேன். "நீ கெட்டிக்காரனடா, அதுதான் போனனீ" என்றான். நாற்பத்தைந்து வருடங்கள் கழித்தும் அவன் அந்தப் பரீட்சையின் தீர்ப்பை நம்பிக்கொண்டிருக்கிறான். என்னிடம் பதில் இருக்கவில்லை.

ஏணியை எடுத்துவிடலாமா?

'ஏழைப் பிள்ளைக்கு இருக்கும் ஒரேயோர் ஏணி இந்தப் பரீட்சைதான். அதையும் எடுத்துவிட்டால் பெரிய பாடசாலைகள் காசுக்காரருக்கும் கடிதக்காரருக்கும் மாத்திரமே சொந்தமாகிவிடும்' என்று சொல்லும் நேர்மையான ஆசிரியர்கள் பலரை எனக்குத் தெரியும். இந்த வாதத்தைப் புறங்கையால் தள்ளிவிட முடியாது. முதலாம் தரத்துக்குப் பிள்ளையைச் சேர்ப்பதற்காகப் பொய் விலாசமும் போலி வாடகை ஒப்பந்தமும் தயாரிக்கும் நாடு இது. அத்துடன் ஒப்பிட்டால் பரீட்சை மண்டபம் நேர்மையான இடம்தான். ஆகவே, நாளைக்கே பரீட்சையை ஒழித்துவிடுங்கள் என்று நான் கோரவில்லை.

ஆனால், ஏணியில் ஏறுவது யார் என்பதைப் பார்க்க வேண்டும். மூன்றாம் தரத்திலேயே ரியூசனைத் தொடங்கி, வார இறுதிகளில் கடந்தகால வினாத்தாள்களைக் கரைத்துக் குடித்து, வாசலில் காத்திருக்கும் தாயின் மோட்டார் சைக்கிளில் அடுத்த வகுப்புக்கு ஓடும் பிள்ளை ஏறுகிறது. கொழுந்து பறிக்கச் சென்ற தாய் திரும்பும்வரை தம்பியைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை எத்தனை தடவை ஏறும்? விதிவிலக்காக ஏறிவிட்ட ஒரு பிள்ளையின் படத்தை முதற்பக்கத்தில் போட்டு, ஏணி எல்லோருக்கும் பொதுவானது என்று நிரூபித்துவிட்டதாகப் பத்திரிகைகளாகிய நாம் திருப்தியடைகிறோம்.

ஆகவே, எனது கோரிக்கைகள் ஒழுங்குமுறையானவை. முதலாவதாக, உதவிப்பணத்தைப் பாடசாலை அனுமதியில் இருந்து பிரித்துவிட வேண்டும். குடும்பத்தின் வறுமையே உதவிக்கான தகுதியாக இருக்கட்டும். வறிய பிள்ளை வாழ்வதற்கு வெட்டுப்புள்ளியைத் தாண்டியாக வேண்டும் என்ற நிபந்தனை மனிதத்தன்மையற்றது. இரண்டாவதாக, ஒவ்வொரு பிரதேச செயலகப் பிரிவிலும் விஞ்ஞானப் பிரிவும் விடுதியும் கொண்ட ஒரு பாடசாலையையாவது முழுமைப்படுத்த வேண்டும். கன்னங்கரா கட்டத் தொடங்கியதைக் கட்டி முடிப்பதே அது. மூன்றாவதாக, கஷ்டப் பிரதேசங்களில் சேவைக்காலத்தை நிறைவுசெய்யாத எவருக்கும், எந்தப் பாராளுமன்ற உறுப்பினரின் கடிதம் வந்தாலும், இடமாற்றம் வழங்கக்கூடாது. அங்கே பணியாற்றுபவர்களுக்கு விடுதியும் தக்க படியும் கொடுக்க வேண்டும். அருகிலே நல்ல பாடசாலை இருந்தால் பெற்றோர் பிள்ளையைத் தொலைதூரத்துக்கு அனுப்பமாட்டார்கள். அதற்குப் பின்னர் இந்தப் பரீட்சையை ஒழிக்கச் சுற்றறிக்கை தேவைப்படாது; அதனைத் தேடி வருபவர்களே குறைந்துவிடுவார்கள்.

அரசாங்கத்தைக் காத்திராமல் நாம் செய்யக்கூடியவையும் உண்டு. பழைய மாணவர் சங்கங்கள் தங்களது கல்லூரிக்கு அனுப்பும் தொகையில் பாதியை அந்தக் கல்லூரிக்குப் பிள்ளைகளை அனுப்பும் சிறிய பாடசாலைகளுக்கு ஒதுக்கட்டும். நுழைவாயில் வளைவுக்குச் செலவாகும் பணம் மலையகத்திலோ முல்லைத்தீவிலோ ஓர் ஆசிரியரின் தங்குமிட வாடகையைப் பல வருடங்களுக்குக் கட்டும்.

எனது சகபாடிகளான பத்திரிகை ஆசிரியர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பத்து வயதுப் பிள்ளைகளின் பெயரையும் புள்ளியையும் பிரசுரிக்கும் வழக்கத்தை நிறுத்துங்கள். அந்த இடத்தில், உங்கள் மாவட்டத்தில் கணித, விஞ்ஞான, ஆங்கில ஆசிரியர் வெற்றிடங்களைக் கொண்ட பாடசாலைகளின் பெயர்களைப் போடுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016 ஆம் ஆண்டிலேயே நிறைவேற்றப்பட்டுவிட்டது. வலயக் கல்விப் பணிமனையிடம் ஒரு விண்ணப்பம் கொடுத்தால் பட்டியலைத் தந்தாக வேண்டும். விளம்பர வருமானம் குறையலாம். ஆனால் பத்திரிகை தன் வேலையைச் செய்ததாக இருக்கும்.

அன்று மாலை தொலைபேசியில் பேசிய தகப்பனிடம் படத்தைப் பிரசுரிக்க முடியாது என்று சொன்னது மாத்திரம் எனது தவறல்ல. அவரது தோட்டம் எது, பாடசாலை எது, அங்கே எத்தனை ஆசிரியர்கள் இருக்கிறார்கள் என்று நான் கேட்கவேயில்லை. செய்தி தானாகவே தொலைபேசியில் தேடி வந்தபோது, அதைக் குறித்துக்கொள்ளப் பேனாவை எடுக்காத பத்திரிகையாளன் நான். அந்தப் பிள்ளைக்கு இப்போது பிள்ளைகள் இருக்கக்கூடும். அவர்கள் படிப்பதும் அதே பாடசாலையாக இருந்தால், வெட்டுப்புள்ளிக்குக் கீழே நிற்பவர்கள் நாம்தான்.